கட்டிக்கொடுத்தவரும் தோண்டி எடுத்தவரும்

எண்ணெய் ஆண்ட நூற்றாண்டு – பகுதி 11

1901 ஜனவரி 10 அன்று டெக்சாஸின் ஸ்பிண்டில்டாப் மேட்டில் எண்ணெய் பீறிட்டதைச் சென்ற பகுதியில் பார்த்தோம். மூன்றே மாதங்களில் அந்தச் செய்தியின் சூடு மெக்சிகோ எல்லையில் இருக்கும் லரேடோ நகரம் வரை பரவிவிட்டது. அந்த ஏப்ரலில் மெக்சிகோவுக்குப் போய்க்கொண்டிருந்த வீட்மன் பியர்சன் என்ற ஆங்கிலேயர் லரேடோவில் இணைப்பு ரயிலைத் தவறவிட்டார். ஊர் முழுக்க எண்ணெய்ப் பேச்சு. அவரும் விசாரித்தார், அகப்பட்ட தாள்களையெல்லாம் படித்தார். பிறகு மெக்சிகோவில் இருந்த தன் மேலாளர் ஜான் பாடிக்குத் தந்தி கொடுத்தார்: தெவான்தெபெக் பகுதியில் எண்ணெய்க் கசிவு தென்படும் நிலங்களை உடனே பேசி முடி என்பது அதன் சாரம். பத்து ஆண்டுகள் கழித்து உலகின் மிகப் பெரிய எண்ணெய்க் கிணறுகளில் ஒன்று அவர் கைக்கு வந்தது. தவறவிட்ட ஒரு ரயில் ஒரு மனிதரை எண்ணெய்க் கோமானாக்கியது என்றே பியர்சனின் கதை இன்றுவரை சொல்லப்படுகிறது. சம்பவம் உண்மைதான். ஆனால் அது விளக்குவது மிகக் கொஞ்சம். அன்று லரேடோவில் எண்ணெய்ப் பித்துப் பிடித்து அலைந்தவர்கள் ஏராளம். அங்கிருந்து ஒரு தந்தி கொடுத்து மெக்சிகோவின் காட்டுக்குள் காரியம் நடத்தக்கூடியவராக பியர்சன் மட்டும் இருந்தது எப்படி? அந்தக் கேள்விக்கான விடை எண்ணெய்க்கு முந்தைய பன்னிரண்டு ஆண்டுகளில் இருக்கிறது. பின்னாளில் மெக்சிகோ எண்ணெயை அவர் கைகழுவ நேர்ந்ததற்கான விடையும் அங்கேயேதான் இருக்கிறது.

பியர்சனின் தாத்தா சாமுவேல் 1844இல் யார்க்‌ஷயரில் தொடங்கிய கட்டுமான நிறுவனம் எஸ். பியர்சன் அண்ட் சன். 1856இல் பிறந்த வீட்மன் இளவயதிலேயே அதன் பொறுப்புக்கு வந்து, 1884இல் தலைமையகத்தை லண்டனுக்கு மாற்றினார். அரசுகள் தங்களால் செய்ய முடியாத பெரும் பணிகளை வெளியாரிடம் மொத்தமாக ஒப்படைக்கும் வழக்கம் அந்தக் காலத்தில் உச்சத்தில் இருந்தது. அவுட்சோர்சிங் என்று இன்று நாம் கணினித் துறையோடு சேர்த்துப் பேசும் ஏற்பாட்டின் முந்தைய வடிவம் அது. துறைமுகம், ரயில்பாதை, ஆற்றடிச் சுரங்கம் என்று எதுவாக இருந்தாலும் விலை பேசி, இயந்திரமும் ஆளும் கொண்டுபோய் இறக்கி, முடித்துக்கொடுத்து, பணத்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். நடுவில் நேரும் இழப்பு காண்ட்ராக்டருடையது. 1889இல் நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றடிச் சுரங்கப் பணி பியர்சனிடம் வந்தபோது, அழுத்தக்காற்றில் வேலை செய்து வெளியே வந்த தொழிலாளர்கள் மூட்டுவலியிலும் வாதத்திலும் துடித்து இறந்துகொண்டிருந்தார்கள். அவருடைய பொறியாளர் எர்னஸ்ட் மாய்ர், நோயுற்றவரை மீண்டும் அழுத்தத்துக்குள் வைத்து அந்த அழுத்தத்தை மெல்ல மெல்லக் குறைக்கும் இரும்பு அறை ஒன்றை அங்கே அமைத்தார். மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. பணம் தீர்ந்ததால் 1891இல் அந்தச் சுரங்கம் பாதியில் நின்றது. கற்ற பாடம் வீணாகவில்லை. தேம்ஸுக்கு அடியில் அவர் தோண்டி 1897இல் திறக்கப்பட்ட பிளாக்வால் சுரங்கத்தில், ஓரிடத்தில் துளைக் கவசத்துக்கும் ஆற்றுப் படுகைக்கும் இடையே ஒன்றரை மீட்டர் மண்தான் இருந்தது. ஆற்றின் மேலிருந்து களிமண்ணைக் கொட்டி ஒரு மெத்தை அமைத்து அதன் கீழே துளைத்துச் சென்றார்கள். நிச்சயமில்லாத மண்ணுக்குள் பணத்தையும் மனிதர்களையும் இறக்கிவிட்டு நிதானம் இழக்காமல் இருப்பது இந்தத் தொழில் தந்த முதல் பயிற்சி.

மெக்சிகோ அவரை அழைத்தது தண்ணீரை வெளியேற்றத்தான். மெக்சிகோ நகரம் ஏரிப் படுகையில் எழுந்த ஊர். சுற்றிலும் மலை, மழைநீர் வெளியேற இயற்கையான வழி கிடையாது. அஸ்டெக்குகள் காலம் தொடங்கி ஸ்பானியர் ஆட்சி வரை வெள்ளம் அந்நகரின் தீராத துயரம். முந்நூறு ஆண்டுகளில் எத்தனையோ முயற்சிகள் பாதியில் கைவிடப்பட்டிருந்தன. 1876இலிருந்து, நடுவில் நான்கு ஆண்டுகள் நீங்கலாக, நாட்டை ஆண்ட போர்ஃபிரியோ தியாஸ் இதை முடித்தே தீருவது என்று நின்றார். பெரும் வடிகால் என்று பெயரிடப்பட்ட ஏறத்தாழ 47 கிலோமீட்டர் கால்வாயை வெட்டும் ஒப்பந்தம் 1889இல் பியர்சனுக்குக் கிடைத்தது. சேற்று நிலம், வெட்டிய கரை மறுநாள் சரியும். பிரிட்டனிலிருந்து பிரம்மாண்டமான தூர்வாரும் இயந்திரங்களைப் பகுதி பகுதியாகக் கொண்டுவந்து, கடலே இல்லாத அந்த உயர்ந்த பீடபூமியில் பூட்டி மிதக்கவிட்டார்கள். 1900 மார்ச்சில் தியாஸ் கால்வாயைத் திறந்துவைத்தார். நகரத்தின் வெள்ளம் அதோடு ஒழிந்துவிடவில்லை, நிலம் தாழத் தாழ இன்றும் அது தொடர்கிறது. ஆனால் அன்றைய மெக்சிகோ அரசின் கண்ணில் சொன்னதைச் சொன்னபடி முடித்துக்கொடுத்த அந்நியர் என்ற பெயர் பியர்சனுக்கு நிலைத்துவிட்டது.

அந்தப் பெயர் அடுத்தடுத்த பணிகளைக் கொண்டுவந்தது. வடக்குக் காற்று வீசினால் கப்பல்கள் நங்கூரமிட முடியாத வேராகுரூஸ் கரையில் அலைதடுப்புச் சுவர்களும் துறைகளும் கட்டி, 1902இல் ஒரு நவீனத் துறைமுகமாக ஒப்படைத்தார். அதற்குள் தெவான்தெபெக் வேலை வந்திருந்தது. இரு பெருங்கடல்களுக்கும் நடுவே மெக்சிகோ ஒடுங்கி நிற்கும் பூசந்தி அது. ஏற்கெனவே மோசமாகப் போடப்பட்டிருந்த சுமார் 300 கிலோமீட்டர் ரயில்பாதையைப் புதுப்பித்து, இரு முனையிலும் கோட்ஸாகோல்கோஸ், சலீனா குரூஸ் துறைமுகங்களைக் கட்டி, அரசோடு பங்காளியாக இருந்து நடத்தவும் ஏற்பாடு. ஏன் ஓர் ஆங்கிலேயருக்கு இத்தனை சலுகை? தியாஸின் தனிப்பட்ட பிரியம் என்று அமெரிக்கப் போட்டியாளர்கள் குற்றம் சாட்டினார்கள். பிரியமும் இருந்தது. ஆனால் நிதியமைச்சர் லிமாந்தூரும் அவரைச் சேர்ந்தவர்களும் போட்ட கணக்கு வேறு. ரயில்பாதை, சுரங்கம், எண்ணெய் வணிகம் எல்லாவற்றிலும் அமெரிக்க மூலதனம் மெக்சிகோவை இறுக்கிக்கொண்டிருந்தது. அதே ஆட்சி பின்னர் முக்கிய ரயில் நிறுவனங்களின் பெரும்பங்கை அரசே வாங்கித் தேசிய ரயில்வேயாக்கியதும் இந்த அச்சத்தால்தான். வடக்கே நிற்கும் பெரிய அண்டை நாட்டுக்கு எதிர் எடையாக ஓர் ஐரோப்பியரை வலுவாக்குவது அவர்களுடைய கொள்கை. பியர்சன் அரசைப் பயன்படுத்திக்கொண்டார் என்று எழுதுபவர்கள், அரசும் அவரைத் தன் தேவைக்காகத் தேர்ந்தெடுத்தது என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். கொல்செஸ்டர் தொகுதியிலிருந்து பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குத் தேர்வான அவரை 'மெக்சிகோவின் உறுப்பினர்' என்று சக உறுப்பினர்கள் அழைத்ததை இந்தப் பின்னணியில்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

இப்போது லரேடோவுக்குத் திரும்பலாம். 1901 ஏப்ரலில் தந்தி கொடுத்தபோது பியர்சனிடம் என்ன இருந்தது? பூசந்தியில் வேலை செய்துகொண்டிருந்த பொறியாளர்கள், மண்ணில் எண்ணெய் ஊறி நிற்பதை முன்னமேயே அவருக்கு எழுதியிருந்தார்கள். அந்தக் கரிய கசிவைச் சப்போபோத்தே என்று உள்ளூர் மக்கள் அழைப்பார்கள். ஸ்பானியர் வருகைக்கு முன்பிருந்தே பிசினாகவும் பூச்சாகவும் அது பயன்பட்டுவந்தது. புதிதாக ஓடப்போகும் ரயில் எஞ்சின்களுக்கு எரிபொருள் வேண்டும். மெக்சிகோவில் நல்ல நிலக்கரி குறைவு. ஆக, எண்ணெயின் இடமும் தெரியும், முதல் வாடிக்கையாளரும் அவரே. நிலம் பேச ஆள் உண்டு. அந்த ஆளுக்கு ஸ்பானிய மொழியும் மாவட்ட அதிகாரிகளின் குணமும் தெரியும். மலேரியாவும் மஞ்சள் காய்ச்சலும் வாட்டும் சதுப்பு நிலத்தில் ஆயிரக்கணக்கானவர்களைத் தங்கவைத்து வேலை வாங்கிய அனுபவம் உண்டு. துறைமுகமும் ரயிலும் அவரே கட்டிக்கொண்டிருந்தவை. லண்டனில் அவர் கையெழுத்துக்கு வங்கிகள் பணம் தந்தன; மெக்சிகோவில் அமைச்சர்களின் கதவு அவருக்குத் திறந்தது. ஸ்பிண்டில்டாப் செய்தி அவருக்குப் புதிதாகக் கொடுத்தது ஒன்றே ஒன்றுதான்: எரிபொருளாக எண்ணெய் எந்த அளவில் கிடைக்கக்கூடும் என்ற மதிப்பீடு. ரயிலைத் தவறவிடாமல் போயிருந்தாலும் அந்தச் செய்தி அடுத்த மாதமே அவரை எட்டியிருக்கும். அவரிடம் இருந்தவை எதையும் வேறொருவர் ஒரு மாதத்தில் திரட்டியிருக்க முடியாது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. காண்ட்ராக்டராகப் பெற்ற அனுபவம் அவ்வளவு பெரிய பலமென்றால், அடுத்த ஒன்பது ஆண்டுகள் ஏன் தோல்வியில் கழிந்தன? ஸ்பிண்டில்டாப்பில் எண்ணெய் கண்ட அந்தோனி லூகாஸையே அழைத்துவந்து தேடினார்கள். சான் கிறிஸ்தோபாலில் கிடைத்தது சொற்பம். 1906இல் வேராகுரூஸ், தபாஸ்கோ உள்ளிட்ட மாநிலங்களின் அரசு நிலங்களில் துளையிட விரிவான உரிமை கிடைத்தது, எண்ணெய் கிடைக்கவில்லை. மினாதித்லானில் பெரிய சுத்திகரிப்பு ஆலையைக் கட்டி முடித்தார்கள், அதற்குப் போட சொந்த எண்ணெய் போதாமல் டெக்சாஸிலிருந்து வாங்கினார்கள். ஸ்டாண்டர்ட் ஆயிலோடு பிணைந்த வாட்டர்ஸ்-பியர்ஸ் நிறுவனத்துக்கு மெக்சிகோவின் மண்ணெண்ணெய்ச் சந்தை ஏறக்குறைய ஏகபோகமாக இருந்தது. 1908இல் அந்தச் சந்தைக்குள் பியர்சன் நுழைந்ததும் விலைப்போர் மூண்டது. அதே ஆண்டு ஜூலை 4 அன்று வேராகுரூஸின் வடக்கே தோஸ் போகாஸில் ஒரு கிணறு வெடித்துத் தீப்பிடித்து 57 நாட்கள் எரிந்தது. அந்த வெளிச்சம் கடலில் வெகுதொலைவில் சென்ற கப்பல்களுக்கும் தெரிந்தது. எண்ணெய் முழுவதும் எரிந்தும் வழிந்தும் போனது. கிணறு இருந்த இடத்தில் உப்புநீரும் கந்தக வாடையும் நிறைந்த ஒரு பள்ளம் மிஞ்சியது. சுற்றியிருந்த வயல்களும் நீர்நிலைகளும் பாழாயின. இது வெற்றிக்கதையின் இடைச்சம்பவம் என்று கடந்துபோகக் கூடியதல்ல. அந்த வட்டாரத்து மக்கள் நெடுங்காலம் அனுபவித்த அழிவு.

மறுப்பில் பாதியை ஏற்கத்தான் வேண்டும். பியர்சன் செய்த தவறுகளில் முக்கியமானது காண்ட்ராக்டரின் பழக்கத்திலிருந்தே வந்தது. ஒப்பந்தப் பணியில் இறுதி வடிவம் வரைபடத்தில் இருக்கும். தேதி குறித்து, ஒவ்வொரு பகுதியையும் இணையாகக் கட்டிக்கொண்டு போகலாம். எண்ணெயில் அந்த முறை செல்லாது. எண்ணெய் கிடைக்குமுன் ஆலை கட்டியது, கிடைத்துவிட்டதைப் போலச் சந்தையில் இறங்கியது இரண்டும் அந்தப் பழக்கத்தின் விளைவுகளே. ஆனால் தோல்வியைத் தாங்கி நின்றதும் அதே தொழிலின் பலத்தால்தான். அந்த ஆண்டுகளில் அவருடைய நிறுவனம் நியூயார்க்கில் பென்சில்வேனியா ரயில்வேக்காக ஈஸ்ட் ஆற்றுக்கு அடியில் நான்கு சுரங்கங்களைத் தோண்டிக்கொண்டிருந்தது. டோவர் துறைமுகத்தை விரிவாக்கிக்கொண்டிருந்தது. எண்ணெயில் கரைந்த பணம் அந்தப் பணிகளின் வருவாயிலிருந்து வந்தது. எண்ணெய் மட்டுமே தெரிந்த ஒருவர் 1908இல் கடையைக் கட்டியிருப்பார். அந்த ஆண்டில்தான் பியர்சன் மெக்சிகன் ஈகிள் நிறுவனத்தைத் தொடங்கினார். எல் ஆகிலா என்று மெக்சிகோவில் அறியப்பட்டது அதுவே. கசிவைப் பார்த்துத் தேடும் முறையைக் கைவிட்டு, அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையில் பேர்பெற்ற வில்லர்ட் ஹேஸைக் கூப்பிட்டார். ஹேஸோடு வந்த இளைஞர்களில் ஒருவர் எவரெட் டிகோலியர். ஒக்லஹோமா பல்கலைக்கழக மாணவர்; பட்டம்கூட அப்போது வாங்கியிருக்கவில்லை. சுரங்கப் பணியில் தனக்குத் தெரியாததைத் தெரிந்தவரிடம் ஒப்படைத்துவிட்டு அவர் சொன்னபடி நடந்த அதே பண்பு இங்கேயும் வேலை செய்தது. டிகோலியர் குறித்துக்கொடுத்த இடங்களில் ஒன்றுதான் போத்ரேரோ தெல் யானோ நான்காம் எண் கிணறு. 1910 டிசம்பர் இறுதியில் அது பீறிட்டபோது அவருக்கு வயது 24.

நாளொன்றுக்கு ஒரு லட்சம் பீப்பாய்க்கும் மேலாக எண்ணெய் பொங்கிய அந்தக் கிணற்றை அடக்கச் சுமார் இரண்டு மாதங்கள் பிடித்தன. அதன் ஆயுட்காலத்தில் அது தந்தது பத்துக் கோடி பீப்பாய்க்கு மேல். இங்கே இரண்டாவது மறுப்பு எழுகிறது. போத்ரேரோ அரசு சலுகையாகக் கொடுத்த நிலத்தில் இல்லை. தனியாரிடம் குத்தகைக்கு எடுத்த பண்ணை நிலம் அது. தியாஸ் அள்ளிக்கொடுத்த பரந்த உரிமைகளில் பயன் விளையவில்லை. அப்படியானால் அரசின் நெருக்கத்துக்கு எண்ணெயில் பங்கே இல்லையா? நேரடிப் பங்கு இல்லை என்பதே என் கருத்தும். சலுகைகளால் பணக்காரரானார் என்ற பழியை இந்த உண்மை ஒன்றே பெரும்பாலும் தகர்த்துவிடுகிறது. ஆனால் நெருக்கம் மறைமுகமாகக் கொடுத்தது பெரிது. நிலத்துக்கு அடியில் இருக்கும் எண்ணெய் நிலவுடைமையாளருக்கே சொந்தம் என்ற கோட்பாட்டை 1884இன் சுரங்கச் சட்டம் கொண்டுவந்தது. 1909இன் சட்டம் அதை ஐயமின்றி உறுதிசெய்தது. ஸ்பானியர் காலத்திலிருந்து நிலத்தடிச் செல்வம் அரசுக்கே உரியது என்றிருந்த மரபை மாற்றியதால்தான் தனியார் குத்தகைக்கு மதிப்பு வந்தது. அந்தச் சட்டத்துக்குக் காவலாக நின்றது தியாஸின் ஆட்சி. இன்னொன்று, எண்ணெய் வந்தபின் அதை விற்கும் இடத்துக்குக் கொண்டுபோவது. அங்கே பியர்சனை விஞ்ச ஆள் இல்லை. ஆழமற்ற டுக்ஸ்பான் கரையில் கப்பல் அணைய முடியாது. எனவே கடலடியில் குழாய் இறக்கி, தூரத்தில் நங்கூரமிட்ட கப்பல்களில் எண்ணெயை ஏற்றினார்கள். 1912இல் ஈகிள் எண்ணெய்ப் போக்குவரத்து நிறுவனத்தைத் தொடங்கி, அன்றைய அளவில் மிகப் பெரியவையான 15,000 டன் எண்ணெய்க் கப்பல்களைக் கட்டச்சொல்லி உத்தரவிட்டார். நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு மாறிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் கடற்படைக்கு எரிபொருள் வழங்கும் ஒப்பந்தம் அடுத்த ஆண்டே கிடைத்தது.

எட்வர்ட் டோஹெனியைச் சுட்டிக்காட்டுபவர்களுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. கலிபோர்னியாவிலிருந்து வந்த அந்த அமெரிக்கர் மெக்சிகோவில் பெரிய பொதுப்பணி எதுவும் செய்யாமலே பியர்சனுக்கு முன்பே எண்ணெய் கண்டார், உண்மை. ஆனால் டோஹெனி மெக்சிகோவுக்கு வருமுன்பே எண்ணெய் தேடிப் பழகியவர். அந்தத் தொழிலின் கண் அவருக்கு இருந்தது. அந்தக் கண் இல்லாத ஒருவர் அவரோடு சமமாக நிற்க முடிந்தது எதனால் என்பதுதான் நம் கேள்வி.

போத்ரேரோ பொங்கத் தொடங்கியபோது மெக்சிகோவின் வடக்கே புரட்சி தொடங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது. 1911 மே 25 அன்று தியாஸ் பதவி விலகினார். சில நாட்களில், பியர்சன் கட்டிக்கொடுத்த வேராகுரூஸ் துறைமுகத்திலிருந்து இபிரங்கா என்ற ஜெர்மன் கப்பலில் நாட்டைவிட்டு வெளியேறினார். முந்தைய ஆண்டு கௌட்ரே பிரபுவாகியிருந்த பியர்சனின் நிலைமை தலைகீழானது இங்கேதான். கால்வாயைக் கட்டியவருக்கு ஆட்சி மாறினால் பெரிய நட்டமில்லை. வேலை முடிந்துவிட்டது, பணம் வந்துவிட்டது, கால்வாய் புதிய ஆட்சிக்கும் ஓடும். எண்ணெய் எடுப்பவர் அப்படிக் கிளம்பிவிட முடியாது. அவருடைய சொத்து முழுவதும் அந்த நாட்டின் மண்ணுக்கடியில் இருக்கிறது. அது அவருடையதா என்பதை அந்த நாட்டின் சட்டம் சொல்ல வேண்டும், அந்தச் சட்டத்தை யார் எழுதுவது என்பதைத் துப்பாக்கிகள் தீர்மானித்துக்கொண்டிருந்தன. மெக்சிகன் ஈகிள் இயக்குநர் குழுவில் தியாஸின் மகனும், அவர் ஆட்சியில் அமைச்சராயிருந்த என்ரிக்கே கிரேலும் இருந்தார்கள். நேற்றுவரை காப்பாக இருந்த பெயர்கள் ஒரே ஆண்டில் குற்றச்சாட்டாகிவிட்டன. 1913இல் இராணுவப் புரட்சி நடத்தி ஆட்சியைப் பிடித்த ஹுவெர்தாவை பிரிட்டன் அங்கீகரித்தது. அதற்குப் பின்னால் கௌட்ரேயின் எண்ணெய்தான் இருக்கிறது என்று அமெரிக்கப் பத்திரிகைகளும் வாஷிங்டனும் நம்பின. அதே ஆண்டு கொலம்பியாவில் அவர் தரப்பு பேசி முடித்திருந்த எண்ணெய் உரிமை ஒப்பந்தத்தை நவம்பரில் திரும்பப் பெற நேர்ந்தது. லத்தீன் அமெரிக்க நாடுகள் அந்நியருக்குச் சலுகை வழங்குவதை அதிபர் வில்சன் மோபைல் நகரில் கண்டித்துப் பேசி அப்போது ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அமெரிக்காவுக்கு எதிர் எடையாக நிற்க அவரை மெக்சிகோ அழைத்தது. அமெரிக்கா திரும்பிப் பார்த்தபோது அவர் பக்கம் நிற்க மெக்சிகோவில் ஓர் அரசே இல்லை.

எண்ணெய் மட்டும் நிற்கவில்லை என்பது அந்தக் காலத்தின் விந்தை. நாடு பற்றியெரிய, உற்பத்தி ஆண்டுதோறும் ஏறியது. 1914 முதல் எண்ணெய் வயல்கள் நிறைந்த ஹுவாஸ்தெக்கா பகுதியை மனுவேல் பெலாயெஸ் என்ற நிலக்கிழார் தன் படையோடு பிடித்துவைத்துக்கொண்டு எல்லா நிறுவனங்களிடமும் மாதந்தோறும் காவல்பணம் வசூலித்தார், ஈகிளும் கட்டியது. பனாமா கால்வாய் அதே 1914 ஆகஸ்டில் திறந்ததும், ஹவாய் சர்க்கரையைச் சுமந்து செழித்திருந்த தெவான்தெபெக் ரயில் வெறிச்சோடியது. 1917இல் எழுதப்பட்ட புதிய அரசியல் சாசனத்தின் 27ஆம் பிரிவு, நிலத்தடிச் செல்வம் நாட்டுக்கே சொந்தம் என்ற பழைய மரபை மீட்டது. எண்ணெய் நிறுவனங்கள் இதை அபகரிப்பு என்று கூவின. அந்தக் கூச்சலில் நியாயம் குறைவு. சட்டத்தை நம்பிப் பணம் போட்டோம் என்றார்கள். ஆனால் அந்தச் சட்டத்தை இயற்றியது, தேர்தலைச் சடங்காக்கி முப்பது ஆண்டுகள் நடந்த ஒரு தனி மனிதர் ஆட்சி. மெக்சிகோ மக்களிடம் யாரும் கேட்கவில்லை. எண்ணெய் எடுத்ததால் அரசுக்குக் கிடைத்த வருவாயும் மிக அற்பமாகத்தான் இருந்தது. கால்வாய், துறைமுகம், ரயில் என்று பியர்சன் கட்டியவை மெக்சிகோவிலேயே இருக்கின்றன. பீப்பாய்களில் போன எண்ணெய் திரும்பி வராது. ஒரே மனிதரின் இரண்டு தொழில்களையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது என்று நான் நினைப்பது இதனால்தான்.

இதைக் கௌட்ரே தானே புரிந்துகொண்டார் என்பதற்கு அவருடைய பிற்கால முடிவுகள் சாட்சி. 1917இல் பிரிட்டனின் விமானப்படை வாரியத் தலைவராக இருந்தார், புதிய விமானத் துறை அமைச்சர் பதவி தனக்குத் தரப்பட்டதாகவும் தான் மறுத்துவிட்டதாகவும் நார்த்கிளிஃப் பிரபு பத்திரிகையில் பகிரங்கமாக எழுதியதைப் படித்துத்தான் தன் பதவி போகப்போவதை அறிந்தார், உடனே விலகினார். போர் முடிந்ததும் 1919இல் மெக்சிகன் ஈகிளின் கட்டுப்பாட்டை ராயல் டச்சு ஷெல்லிடம் விற்றுவிட்டார். அதே ஆண்டு டிகோலியரைத் தலைமையாக்கி அமெராடா என்ற நிறுவனத்தை அமெரிக்காவில் தொடங்கப் பணம் கொடுத்தார். எண்ணெய் தேடுவதை அவர் விடவில்லை; சொத்துரிமை புரட்சியால் மாறாத நாடு ஒன்றுக்கு அதை மாற்றிக்கொண்டார். முறுக்குத் தராசு என்ற நுண்கருவியால் நிலத்தடி அடர்த்தியை அளந்து, 1924இல் டெக்சாஸின் நாஷ் உப்புக் குவிமாடத்தை டிகோலியரின் குழு கண்டறிந்தது; பௌதிகக் கருவிகளைக் கொண்டு எண்ணெய் தேடும் யுகம் அங்கே தொடங்கியது. பிரிட்டனில் டர்பிஷயரின் ஹார்ட்ஸ்டாஃப்டில் அரசுக்காக அவருடைய நிறுவனம் தோண்டிய கிணற்றில் 1919இல் எண்ணெய் வந்தது. சிலியில் மின்சார நிறுவனங்களை நடத்தினார். பழைய தொழிலுக்கும் திரும்பினார்: சூடானில் நீல நைல் ஆற்றின் குறுக்கே கெசீரா பருத்தி வயல்களுக்கு நீர் தரும் சுமார் மூன்று கிலோமீட்டர் நீளச் சென்னார் அணையை எஸ். பியர்சன் அண்ட் சன் 1925இல் முடித்துக்கொடுத்தது. 1927 மே 1 அன்று ஸ்காட்லாந்தில் அவர் காலமானார். குடும்பம் பின்னர் கட்டுமானத்தை விட்டு விலகிப் பத்திரிகைக்கும் பதிப்புக்கும் போனது. ஃபைனான்ஷியல் டைம்ஸ், லாங்மன், பெங்குவின் எல்லாம் அந்தக் குடையின் கீழ் வந்தன. தமிழ்நாட்டுப் பொறியியல் மாணவர்கள் பாடநூல் அட்டையில் பார்க்கும் பியர்சன் என்ற பெயர் இந்தக் குடும்பத்துடையதுதான்.

விற்பனைக்குப் பின் நடந்தது ஷெல்லின் பாடு. 1921இல் மெக்சிகோ சுமார் 19 கோடி பீப்பாய் எடுத்து உலகில் இரண்டாம் இடத்தில் இருந்தது. பொற்பாதை என்று பெயர்பெற்ற அந்த வயல்களின் கிணறுகளில் அதையொட்டிய ஆண்டுகளிலேயே உப்புநீர் ஏறி, உற்பத்தி சரிந்தது. பின்னர் போசா ரிக்காவில் கிடைத்த புதிய வயல் ஈகிளை மீண்டும் நாட்டின் முதன்மை உற்பத்தியாளராக்கியது. ஆனால் அதற்குள் எண்ணெய்த் தொழிலாளர்கள் ஒரே சங்கமாகத் திரண்டுவிட்டிருந்தார்கள். ஊதிய வழக்கில் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்ததை நிறுவனங்கள் ஏற்க மறுத்தன. 1938 மார்ச் 18 அன்று அதிபர் லாசரோ கார்தெனாஸ் அந்நிய எண்ணெய் நிறுவனங்களின் சொத்துகளை நாட்டுடைமையாக்கினார். பறிபோனவற்றில் மிகப் பெரியது பியர்சன் தொடங்கிய ஈகிள். மெக்சிகோவுக்கும் பிரிட்டனுக்கும் தூதரக உறவு முறிந்தது. இழப்பீட்டுக்கான உடன்பாடு 1947இல்தான் கையெழுத்தானது. மெக்சிகோ அதை ஆண்டுத் தவணைகளாகக் கட்டித் தீர்த்தது. அந்தத் தவணைகளை வாங்கியவர்கள் ஷெல்லும் ஈகிளின் பங்குதாரர்களும். வயலைக் கண்டெடுத்தவர் அதன் விலை உச்சத்தில் இருந்தபோதே தன் பங்கைப் பணமாக்கியிருந்தார். ஷெல்லின் தலைவர் ஹென்றி டீட்டர்டிங் 1919இல் எதை நம்பி அந்த விலையைக் கொடுத்தார் என்பதை அடுத்த பகுதியில் பார்ப்போம்.